எழுந்து நின்று நாலு வார்த்தை பேச…



ஒரு தோட்டத்துப் பாடசாலையில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறோம். ஊர் பேர் வேண்டாம். சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு வைப்பது பற்றிப் பெற்றோர் கூட்டத்தில் பேச்சு வந்தது. மாலை 4 மணிக்குத் தொடங்கி 6.30க்கு முடிப்பது என்றார்கள். "எல்லாருக்கும் சம்மதந்தானே?" என்று கேட்டார்கள். கூட்டத்தில் 40 பேர் இருந்தோம். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. சம்மதம் என்று புத்தகத்தில் எழுதிக்கொண்டார்கள்.

கூட்டம் கலைந்து லயத்துக்குத் திரும்புகிற வழியில்தான் உண்மையான கூட்டமே நடந்தது. "ஆறரைக்கு விட்டா மேல் டிவிசன் புள்ளைங்க தேயிலைக்குள்ளாற இருட்டுல இல்ல வரணும்? சிறுத்தை நடமாடுற எடமாச்சே. கொழுந்து நிறுத்துட்டு வந்து, யாரு போயி கூட்டியாறது?" எல்லாருக்கும் விஷயம் தெரிந்திருந்தது. எல்லாரிடமும் சொல்ல நியாயம் இருந்தது. அதைச் சொல்ல வேண்டிய இடத்தில் மட்டும் சொல்லவில்லை. இரண்டு மாதத்துக்குள் மேல் டிவிசன் பெண்பிள்ளைகள் 4 பேர் வகுப்பை விட்டு நின்றுவிட்டார்கள்.

அதில் ஒரு பிள்ளையின் தாயிடம் பிறகு கேட்டோம். "சொல்லணும்னுதாங்க எந்திரிச்சேன். நெஞ்சு படபடன்னு அடிச்சிக்கிச்சு. நாக்கு அண்ணத்துல ஒட்டிக்கிச்சு. சேலைய சரி பண்ற மாதிரி பண்ணிட்டுத் திரும்ப ஒக்காந்துட்டேன்" என்றார்.

அந்தத் தாய்க்கு மட்டும் உள்ள குறையல்ல இது. தோட்டம் தோட்டமாகப் போகும்போது நாங்கள் அடிக்கடி கேட்கிற கதைதான். ஆகவே இந்த இதழில் இந்த நடுக்கம் ஏன் வருகிறது, அதை வைத்துக்கொண்டே எப்படிப் பேசுவது, பழகுவதற்கு நல்ல இடம் எது என்று கொஞ்சம் விளக்கமாகப் பார்ப்போம்.

நாள் முழுக்கப் பேசுகிறவர்கள் நாம்

விடியற்காலை எழுந்து அடுப்பு மூட்டி, ரொட்டி தட்டி, பெரிய பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பி, சின்னதைப் பிள்ளை மடுவத்தில் விட்டுவிட்டுப் பெரட்டுக்கு ஓடுகிற தாய், அதற்குள்ளேயே எத்தனை பேச்சுப் பேசுகிறார்! நிரையில் நின்று பக்கத்து நிரைக்காரியிடம் ஊர்க்கதை எல்லாம் சொல்கிறார். நிறுவையில் கிலோ குறைந்தால், "கூடைய நல்லாப் பாருங்க, நேத்தும் இதே அளவுதானே வந்துச்சு" என்று கேட்கிறார். கடையில் கணக்குப் பார்க்கிறார். இரவில் பிள்ளைக்குப் புத்தி சொல்கிறார். தகப்பன்மாரும் அப்படித்தான். கவ்வாத்து வெட்டும் மலையிலிருந்து கோயில் வாசல்வரை பேச்சுக்குக் குறைவில்லை.

ஆகவே நமக்குப் பேசத் தெரியாது என்பது பொய். நாற்பது கண் ஒரே நேரத்தில் நம்மைப் பார்க்கும்போது பேசிப் பழக்கமில்லை, அவ்வளவுதான். தெரியாததைக் கற்றுக்கொள்ள நாளாகும். பழக்கமில்லாததைப் பழகிக்கொள்ளலாம்.

நடுக்கம் ஏன் வருகிறது?

கொழுந்து எடுக்கும்போது குளவி கிளம்பினால் என்ன ஆகிறது? யோசிக்கிறதுக்கு முன்னமே கால் ஓடுகிறது. அந்த நேரத்தில் சிறுநீரகத்துக்கு மேலே இருக்கிற இரண்டு சின்னச் சுரப்பிகள் அட்ரினலின் என்ற சுரப்பை இரத்தத்தில் விடுகின்றன. இதயம் வேகமாக அடிக்கிறது. ஓடுவதற்காக இரத்தம் பெரிய தசைகளுக்குப் போவதால் கை விரல் சில்லிட்டுப் போகிறது. வாய் வறள்கிறது. வயிறு பிசைகிறது. இதெல்லாம் நம்மைக் காப்பாற்ற உடம்பு செய்கிற வேலை.

பலர் முன்னால் எழுந்து நிற்கும்போதும் உடம்பு அதே வேலையைச் செய்கிறது. குளவிக்கும் கூட்டத்துக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. இதை விளங்கிக்கொண்டால் பாதிப் பயம் போய்விடும். நடுங்குகிறவர் கோழை அல்ல, படிக்காதவரும் அல்ல. படித்த உத்தியோகத்தருக்கும் இதே நடுக்கம் வரும். இன்னொன்று, இந்தப் படபடப்பு பெரும்பாலும் பேச்சின் தொடக்கத்தில்தான் உச்சமாக இருக்கும். நாலு வசனம் தாண்டினால் தணியத் தொடங்கும். நமக்குக் கேட்கிற நெஞ்சடிப்பு எதிரில் இருப்பவருக்குக் கேட்பதும் இல்லை.

30 ரூபாயைத் திருப்பிக் கொடுத்த வக்கீல்

இங்கிலாந்தில் சட்டம் படித்துவிட்டு 1891இல் இந்தியாவுக்குத் திரும்பினார் ஓர் இளைஞர். அப்போதே ஒரு பிள்ளைக்குத் தகப்பன். பிழைப்புக்காகப் பம்பாய்க்குப் போய், சிறு வழக்கு நீதிமன்றம் ஒன்றில் முதல் வழக்கை எடுத்தார். கூலி 30 ரூபாய். சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய எழுந்தார். தலை சுற்றியது. கேட்பதற்கு ஒரு கேள்விகூட வரவில்லை. உட்கார்ந்துவிட்டார். வேறு வக்கீலை வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, கூலியையும் திருப்பிக் கொடுக்கச் சம்மதித்து வெளியேறினார். அவர்தான் மகாத்மா காந்தி. இந்த வெட்கக்கேட்டை அவரே தமது சுயசரிதையில் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்.

அதே மனிதர் 1893இல் தென்னாபிரிக்காவுக்குப் போனார். பிரிட்டோரியா நகரில் இந்தியர்களைக் கூட்டி, வியாபாரத்தில் உண்மையாக நடப்பது பற்றியும், அங்கே இந்தியர் படும் பாட்டைப் பற்றியும் பேசினார். தம் வாழ்க்கையின் முதல் பொதுப் பேச்சு என்று அதையே குறிப்பிடுகிறார். இரண்டு வருஷத்தில் நாக்கு மாறிவிட்டதா? இல்லை. பம்பாயில் அடுத்தவர் வழக்கைப் பேசப் போனார். பிரிட்டோரியாவில், தானே கண்ணால் பார்த்ததை, சொல்லியே ஆகவேண்டும் என்று நினைத்ததை, முன்கூட்டியே யோசித்துக்கொண்டு வந்து சொன்னார். 1927 நவம்பரில் அவர் இலங்கைக்கு வந்தபோது நமது மலையகத்திலும் தோட்டத் தொழிலாளர் முன்னால் பேசினார். அன்று அவரைக் கேட்க நடந்து போனவர்களில் நம் பாட்டன்மாரும் இருந்திருப்பார்கள்.

நம்மிலேயே ஒரு பெண்மணியும் உண்டு. தொழிற்சங்கத்தை மலைக்குக் கொண்டுவந்த கோ. நடேசய்யரின் மனைவி மீனாட்சி அம்மாள், தோட்டத் தொழிலாளர் துயரைப் பாட்டாகக் கட்டி, கூட்டங்களில் பாடியே மக்களைக் கூட்டினார். பெண்பிள்ளை கூட்டத்தில் எழுந்து நிற்பதே பெரிய விஷயமாக இருந்த காலம் அது.

ஏன் கல்லடிக்குப் போனோம்?

பழகுவதற்கு நல்ல இடம் எது என்று கேட்டோம் அல்லவா? எங்கள் அனுபவத்தில் குடும்பத்தோடு போகிற சுற்றுலாதான். அங்கே மேடை இல்லை, தலைவர் இல்லை, கூட்டப் புத்தகம் இல்லை. கேட்கிறவர்கள் நம் பிள்ளைகளும் பக்கத்துக் காம்பராக்காரரும்தான். பிழையாகச் சொன்னால் சிரிப்பார்கள், நாமும் சேர்ந்து சிரித்துவிடலாம்.

மேலே சொன்ன தோட்டத்தில் ஒரு லயத்துக் குடும்பங்கள் சீட்டுப் போட்டுக் காசு சேர்த்து, ஆகஸ்ட் விடுமுறையில் மட்டக்களப்புக் கல்லடிக்கு வேன் பிடித்தார்கள். நாங்களும் கூடப் போனோம். பதுளைப் பக்கத்திலிருந்து பசறை, பிபிலை, மகா ஓயா வழியாக இறங்கிச் செங்கலடியில் ஏறினால் மட்டக்களப்பு. குளிரில் வளர்ந்த பிள்ளைகளுக்கு வளைவில் வாந்தியும், கீழே இறங்கியதும் வெக்கையும் வரும். இஞ்சியும், பையும், போதுமான தண்ணீரும் எடுத்துக்கொண்டோம்.

புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்பே ஒரு விதி போட்டோம். பெரியவர், சின்னவர் என்று இல்லாமல், ஆளுக்கு ஓர் இடத்தைப் பற்றி மற்றவர்களுக்கு இரண்டு நிமிஷம் சொல்ல வேண்டும். விஷயத்தைக் கேட்டு, படித்து, தயார் செய்துகொள்ளலாம். கையில் புத்தகம் வைத்து வாசிக்கக் கூடாது. கூட்டத்தில் எழுந்து உட்கார்ந்த அந்தத் தாய்க்குக் கல்லடிப் பாலம் விழுந்தது. "ஐயோ, என்னாத்தங்க நான் பேசுறது" என்றார். ஆனால் அன்றிலிருந்து மலையில் நிரைக்கு நிரை பாலத்துக் கதைதான்!

பாலத்தின் மேல் இரண்டு நிமிஷம்

பழைய இரும்புப் பாலத்தில் நின்றோம். தொடங்கினார். முதல் வசனத்தைக் காற்று அடித்துக்கொண்டு போய்விட்டது. பின்னால் நின்ற பிள்ளைகள், "கேக்கலை அத்தே!" என்று கத்தினார்கள். இன்னொரு தடவை, வயிற்றிலிருந்து குரலை எடுத்துத் தொடங்கினார். அவர் சொன்னதை உங்களுக்கும் தருகிறோம்:

"இந்தப் பாலம் 1924இல தொறந்தது. அப்ப இலங்கைக்கு ஆளுநரா இருந்த மன்னிங் துரையோட சம்சாரம் பேர வச்சு லேடி மன்னிங் பாலம்னு சொன்னாங்க. மட்டக்களப்பு டவுனையும் இந்தக் கரையையும் சேக்குறது இதுதான். ஏறக்கொறைய 90 வருஷம் பஸ்ஸு, லொறி எல்லாத்தையும் இந்த ஒத்தை வழிப் பாலமே தாங்குச்சு. 2013இல பக்கத்துல புதுப் பாலம் வந்துச்சு. அதுக்கப்பறந்தான் இந்தக் கெழவிக்கு ஓய்வு."

கிழவி என்றதும் எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அதோடு கை நடுக்கம் நின்றுவிட்டது. எண்ணிப் பார்த்தால் ஐந்தாறு வசனந்தான்.

அடுத்து ஒரு தகப்பன் வாவியின் பாடும் மீன்களைப் பற்றிச் சொன்னார். மட்டக்களப்பை மீன்பாடும் தேன்நாடு என்று ஏன் சொல்கிறார்கள் தெரியுமா? நிலாக் காலத்து அமைதியான இரவில் தோணியில் போய், துடுப்பின் ஒரு நுனியைத் தண்ணீரில் விட்டு, மறு நுனியைக் காதில் வைத்தால், தந்தியை மீட்டுகிற மாதிரி ஒலி கேட்கும் என்பார்கள். மீன் என்பார் சிலர், சிப்பி, ஊரி என்பார் சிலர். நாங்கள் போனது பகலில். பாலத்தில் வாகன இரைச்சல்தான் கேட்டது. அந்த அப்பா, "மீனுக்கே எங்கள மாதிரி கூட்டத்துல பேசப் பயம் போல" என்று முடித்தார்.

பிறகு கல்லடி உப்போடையில் சுவாமி விபுலாநந்தரின் சமாதிக்குப் போனோம். 1892இல் காரைதீவில் பிறந்தவர். இளமைப் பெயர் மயில்வாகனம். 1929இல் இங்கே சிவாநந்த வித்தியாலயத்தைத் தொடங்கினார். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் முதல் தமிழ்ப் பேராசிரியர், 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் முதல் தமிழ்ப் பேராசிரியர். பழைய தமிழரின் யாழைப் பல வருஷம் ஆராய்ந்து 'யாழ் நூல்' எழுதினார். அது 1947இல் அரங்கேறியது. அதே வருஷம் காலமானார். இதைச் சொன்னது எட்டாம் ஆண்டுப் பையன். இரண்டு இடத்தில் தடுமாறினான். தாய் எடுத்துக் கொடுக்க வாயைத் திறந்தார். நாங்கள் கையைக் காட்டி நிறுத்தினோம். அவனே நினைவுபடுத்திச் சொல்லி முடித்தான். பிள்ளை பேசும்போது நாம் முந்திக்கொண்டு பேசிவிட்டால், அடுத்த தடவை அது நம் வாயைத்தான் பார்க்கும்.

கடற்கரையில் ஒரு பாடம்

கல்லடிக் கடல் பார்க்க அழகு. ஆனால் ஆற்றில் குளித்துப் பழகிய நம் பிள்ளைகளுக்கு அலை திரும்பும்போது காலை இழுக்கிற இழுவை தெரியாது. முழங்காலுக்கு மேல் போக விடாதீர்கள். வடகீழ்ப் பருவ மழை மாதங்களில் கடல் கொந்தளிப்பாக இருக்கும், அப்போது இறங்கவே வேண்டாம்.

2004 டிசம்பர் 26ஆம் தேதி காலை இந்தக் கரையில் சுனாமி ஏறியது. கடலுக்கும் வாவிக்கும் நடுவே ஒடுங்கலாகக் கிடக்கிற நாவலடியில் உயிர்ச்சேதம் மிக அதிகம். கரையோரத்துத் திருச்செந்தூர் முருகன் ஆலயத்தின் கோபுரம் சாய்ந்தது. இலங்கை முழுதும் 30,000க்கு மேற்பட்டோர் மாண்டார்கள்.

அந்தக் கரையில் நின்று, மாலை வகுப்பை விட்ட அந்தப் பெண்பிள்ளை பேசினாள். அதே நாள், தாய்லாந்தின் புக்கெட் தீவில் ஒரு குடும்பம் நம்மைப் போலவே சுற்றுலாவுக்குப் போயிருந்தது. டில்லி ஸ்மித் என்ற 10 வயது ஆங்கிலேயச் சிறுமி, கடல் வழக்கத்துக்கு மாறாக நுரைத்துக் கொதிப்பதைப் பார்த்தாள். இரண்டு வாரம் முன்புதான் பாடசாலையில் சுனாமி பற்றிப் படித்திருந்தாள். "சுனாமி வரப் போகிறது" என்று தாய் தகப்பனிடம் கத்தினாள். முதலில் நம்பவில்லை. அவள் விடவில்லை. கடைசியில் தகப்பன் காவலாளியிடம் சொல்ல, கரையில் இருந்தவர்களை எல்லாம் வெளியேற்றினார்கள். அந்தக் கரையில் ஒருவரும் சாகவில்லை.

"அந்தப் புள்ளைக்கும் நடுங்கியிருக்கும்தானே. நடுங்கிக்கிட்டே சொல்லிருக்கா" என்று எங்கள் பெண்பிள்ளை முடித்தாள். அவளுடைய தாய் கடலையே பார்த்துக்கொண்டு நின்றார். வெகு நேரம் பேசவில்லை.

இதையும் மனதில் வையுங்கள்: கரையில் நிற்கும்போது நிலம் பலமாக அதிர்ந்தாலோ, கடல் திடீரென்று உள்வாங்கினாலோ வேடிக்கை பார்க்காதீர்கள். சத்தம் போட்டு மற்றவர்களுக்கும் சொல்லிவிட்டு, கரையை விட்டு உள்ளே, மேட்டுப் பக்கம் ஓடுங்கள்.

அடுத்த கூட்டத்துக்குப் போகுமுன்

வீடு திரும்பியபின் அந்தத் தாயோடு உட்கார்ந்து நாங்கள் தயார் செய்த முறை இது. உங்களுக்கும் உதவும்.

முதலாவது, மூன்று விரலுக்கு மூன்று விஷயம். சுட்டு விரல்: நான் யார். நடு விரல்: என்ன கஷ்டம். மோதிர விரல்: என்ன கேட்கிறோம். எழுத வாசிக்கத் தெரியாதவருக்கும் விரல் மறக்காது.

இரண்டாவது, முதல் வசனத்தை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். நடுக்கம் உச்சத்தில் இருக்கும்போது யோசிக்க வேண்டி வரக் கூடாது. மற்றதெல்லாம் தானாக வரும்.

மூன்றாவது, வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். மனதுக்குள் சொல்வது கணக்கில் இல்லை. அடுப்படியிலோ, மாட்டுப் பட்டியிலோ, நிரையிலோ நாலைந்து தடவை சத்தமாகச் சொல்லுங்கள்.

நான்காவது, எழும்புவதற்கு முன் மூச்சு. மூக்கால் நாலு எண்ணும் வரை இழுத்து, வாயால் ஆறு எண்ணும் வரை மெதுவாக விடுங்கள். மூன்று தடவை போதும். மூச்சை மெதுவாக விட்டால் நெஞ்சடிப்பும் தணியும்.

ஐந்தாவது, தெரிந்த ஒரு முகத்தைப் பார்த்துத் தொடங்குங்கள். பக்கத்துக் காம்பரா அக்காவைக் கொஞ்சம் முன்வரிசையில் உட்காரச் சொல்லுங்கள். தனித் தாளைக் கையில் பிடிக்க வேண்டாம், நடுக்கத்தைக் காட்டிக் கொடுக்கும். கொப்பி பிடிக்கலாம்.

ஆறாவது, தகப்பன்மாருக்கு. மனைவி எழும்பும்போது, "நீ ஒக்காரு, நான் சொல்றேன்" என்று இழுக்காதீர்கள். அந்த நேரத்தில் சின்னதைத் தூக்கி வைத்துக்கொள்ளுங்கள். அதுவே பெரிய உதவி.

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் அந்தத் தாய் எழுந்தார். "நான் மேல் டிவிசன்ல இருந்து வர்றேன். எங்க பக்கத்துப் புள்ளைங்க 4 பேரு வகுப்புக்கு வர்றதில்லை. ஆறரைக்கு விட்டா இருட்டுல தேயிலைக்குள்ள வரணும். வகுப்ப சனிக்கிழமை காலையில வச்சுக் குடுங்க." அவ்வளவுதான். குரல் நடுங்கத்தான் செய்தது. ஆனால் அவர் உட்கார்ந்ததும் இன்னும் மூன்று பேர் எழுந்து அதையே சொன்னார்கள். வகுப்பு சனிக்கிழமைக்கு மாறியது.

நின்றுபோன 4 பேரில் 2 பேர் திரும்ப வந்தார்கள், அந்தத் தாயின் மகளும் ஒருத்தி. மற்ற இருவரில் ஒருத்தி கொழும்புக்கு வேலைக்குப் போய்விட்டாள், இன்னொருத்தி வீட்டில் தம்பி தங்கையைப் பார்க்கிறாள். முதல் கூட்டத்திலேயே யாராவது சொல்லியிருந்தால் என்று நாங்கள் இன்றும் நினைப்பதுண்டு. அன்று அந்த நாற்பது பேரில் நாங்களும் இருந்தோம், நாங்களும் சொல்லவில்லை.

வாயுள்ள பிள்ளை பிழைத்துக்கொள்ளும் என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். அதை அவர்கள் நம்மிடம்தான் பார்த்துப் பழக வேண்டும். அடுத்த விடுமுறைக்குக் கல்லடிக்குப் போனாலும் சரி, பக்கத்து நீர்வீழ்ச்சிக்குப் போனாலும் சரி, ஆளுக்கு இரண்டு நிமிஷம் பேசுங்கள். அடுத்த கூட்டத்தில் எழுந்து நில்லுங்கள். நடுங்கினால் நடுங்கட்டும், சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு உட்காருங்கள்.